வேட்டை நாய்க்கு மின் காலர்: எந்த நாய்க்கு எது?

அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வகைப் பறவையின் வேட்டை அக்டோபர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை நடக்கிறது. ஆகஸ்ட் பிறந்ததுமே மினசோட்டா, அயோவா பக்கத்துத் தமிழ் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்வி வர ஆரம்பித்துவிடும்: நாய்க்கு எந்த மின் காலர் வாங்குவது? ரிமோட்டை அழுத்தினால் கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் பயிற்சிப் பட்டை அது. கேட்பவர்களில் பாதிப் பேர் மென்பொருள் துறைக்காரர்கள். ஆகையால் கேள்வியோடு ஓர் அட்டவணையும் வந்து சேரும். எத்தனை மைல் எட்டும், அதிர்ச்சியின் அளவில் எத்தனை படிகள், எத்தனை நாய்களை இணைக்கலாம், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும். அந்த அட்டவணையில் இல்லாத இரண்டு விஷயங்கள்தாம் விடையைத் தீர்மானிக்கின்றன. உங்கள் நாய் உங்களைவிட்டு எவ்வளவு தூரம் விலகி வேலை செய்யும்? கையுறை போட்ட கட்டைவிரலால், ரிமோட்டைக் குனிந்து பார்க்காமல், சரியான பட்டனை உங்களால் தொட முடியுமா?

இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் கடையில் இருக்கும் பொருள்களில் முக்கால்வாசி தானாகக் கழிந்துவிடும். மீதி இருப்பவற்றைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். அதற்கு முன்பு, காலரே வேண்டாம் என்ற வழியையும் ஒரு வழியாக எண்ணிப் பார்ப்பது நியாயம். கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார்.

வாங்காமலே இருக்கலாமா?

ஒரு விசில், 10 மீட்டர் நீளக் கயிறு, சட்டைப்பையில் கொஞ்சம் தின்பண்டம். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல வேட்டை நாய்களை உருவாக்கியவர்கள் ஏராளம். மின் காலர் பரவலானது சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில்தான். வேட்டை நாய் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. வேல்ஸ் நாட்டில் 2010 முதல் மின்னதிர்ச்சி தரும் காலர்களுக்குத் தடை இருக்கிறது. ஜெர்மனியில் 2006ஆம் ஆண்டு வந்த உச்ச நிர்வாக நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அவற்றைப் பயன்படுத்த வழியில்லை. அங்கும் வேட்டை நடக்கிறது, நாய்களும் பறவை எடுத்து வருகின்றன.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 63 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. கூப்பிட்டால் வராதவை, ஆடுமாடுகளைத் துரத்துபவை என்று புகாருக்கு உள்ளான நாய்கள் அவை. மின் காலரால் பயிற்றப்பட்டவை மற்ற நாய்களைவிட இறுக்கமாக இருந்தன. பயிற்சியின் பலனில் மட்டும் மேலான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது 2024இல் அமெரிக்காவில் 19 நாய்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு. ஓடும் பொம்மையைத் துரத்தும் பழக்கத்தை நிறுத்த மின் காலர் உதவியது, தின்பண்டம் மட்டும் கொடுத்த குழுக்களில் நாய்கள் துரத்திக்கொண்டே இருந்தன என்று அது சொன்னது. தின்பண்டக் குழுக்களுக்குத் தந்த பயிற்சி போதாது என்று அதை விமர்சித்தவர்களும் உண்டு.

எனக்கு இவ்விரண்டையும்விட முக்கியமாகப் படுவது 2007இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு. அதில் 14 பீகிள் நாய்கள். ஒரு குழுவுக்கு, முயல் பொம்மையைத் தொட்ட அந்தக் கணத்தில் மட்டும் மின்னதிர்ச்சி. இரண்டாவது குழுவுக்கு, கூப்பிட்டும் வராதபோது மின்னதிர்ச்சி. மூன்றாவது குழுவுக்குக் காரணமே இல்லாமல், எப்போது வேண்டுமானாலும். மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் அளவு மூன்றாவது குழுவில்தான் மிக அதிகமாக ஏறியது. அடுத்ததாக இரண்டாவது குழுவில். முதல் குழுவில் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. எதனால் அடி விழுகிறது என்று நாய்க்குப் புரிந்தால் அது தாங்கிக்கொள்கிறது, புரியாவிட்டால் உள்ளுக்குள் நொறுங்குகிறது. காலர் வாங்கும்போது பட்டன் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்றெல்லாம் நான் அலட்டிக்கொள்வது இதனால்தான். அரை விநாடி தாமதித்தாலே முதல் குழு நாய் மூன்றாம் குழு நாயாகிவிடும்.

ஆகவே என் கருத்து இது. உட்கார், நில், வா ஆகிய மூன்றும் கயிற்றில் கட்டிய நிலையில் பிசகாமல் வராத நாய்க்கு எந்தக் காலரும் வாங்காதீர்கள். காலர் எதையும் கற்றுக்கொடுக்காது. கற்றதைத் தூரத்திலிருந்து நினைவூட்டும், அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் கூப்பிட்டால் வராத நாய், மக்காச்சோளக் காட்டுக்குள் சேவல் ஃபெசன்ட்டின் வாடை பிடித்தபின் வரப்போவதில்லை.

படிகளின் எண்ணிக்கை என்னும் மாயை

விளம்பரங்களில் பெரிதாகப் போடப்படும் எண் இது. கார்மின் நிறுவனத்தின் ஸ்போர்ட் ப்ரோ மாடலில் 10 படிகள். ஸ்போர்ட்டாக் நிறுவனத்தின் 425எக்ஸ் மாடலில் 21. இ-காலர் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் எஜுகேட்டர் ஈடி-300 மாடலில் 100. டாக்ட்ரா 1900எஸ் மாடலில் 127. அதிகம் இருந்தால் நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

உண்மையில் ஒரு நாய்க்குத் தேவைப்படுவது இரண்டு அல்லது மூன்று படிகள். அமைதியாக இருக்கும்போது அது உணரும் மிகக் குறைந்த அளவு ஒன்று. வாடையில் மூக்கைப் புதைத்து, உலகத்தை மறந்து ஓடும்போது அதற்கு உறைக்கும் அளவு இன்னொன்று. சாலைக்கு ஓடும் நாயை நிறுத்த ஆபத்துக்கு ஓர் அளவு. இவற்றைக் கண்டுபிடிக்கும் விதம் எல்லா மாடலுக்கும் ஒன்றேதான். நாய் சும்மா நின்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பூஜ்யத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் காது லேசாக அசையும். அல்லது கழுத்தில் ஈ உட்கார்ந்ததுபோல் தலையைத் திருப்பித் தரையைப் பார்க்கும். சில நாய்கள் கண்ணை ஒருமுறை சிமிட்டுவதோடு சரி. அங்கே நிறுத்திவிட வேண்டும். கத்தினாலோ, வாலைக் காலுக்கிடையில் செருகினாலோ அந்தப் படியைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

இந்தத் தேடலுக்கு 100 படிகளும் 127 படிகளும் உதவும் என்பது மெய்தான். குறிப்பாக, தொட்டாற்சிணுங்கியான நாய்களுக்கு. சிறு சிறு ஏற்றமாகப் போகலாம், திடீரென்று ஒரு தாவல் இருக்காது. ஆனால் வயலில் இறங்கியபின் அதே நுணுக்கம் இடைஞ்சலாகிறது. டாக்ட்ராவில் படியை மாற்றும் திருகு, படிக்குப் படி கிளிக் என்று நிற்காமல் வழுக்கிக்கொண்டு சுழலும் வகை. சட்டைப்பையில் போட்டு எடுத்தால் 18இல் வைத்தது 30க்குப் போயிருக்கக்கூடும். சிறு திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்போர்ட் ப்ரோவின் திருகு படிக்குப் படி அழுத்தமாக நிற்கிறது. குருடன்கூட எண்ணிவிடலாம். எஜுகேட்டரில் படியைப் பூட்டி வைக்கும் வசதி இருப்பதால் இந்தச் சிக்கல் ஓரளவு தீர்கிறது.

மேலும், ஒரு நிறுவனத்தின் 5ஆம் படியும் இன்னொன்றின் 5ஆம் படியும் ஒன்றல்ல. ஈரமான ரோமம், காய்ந்த தோல், காலர் இறுக்கம் என்று எல்லாமே உணர்வை மாற்றும். புதிய காலர் வாங்கினால் பழைய எண்ணை மறந்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

நாய் போகும் தூரம்

பறவை வேட்டை நாய்களை ஓட்டத்தின் அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கலாம். லாப்ரடார், ஸ்பிரிங்கர் ஸ்பானியல் போன்றவை பறவையைக் கிளப்பிவிடும் இனங்கள். ஷாட்கன் எட்டும் தூரமான 35 மீட்டருக்குள் அவை வேலை செய்யாவிட்டால் பறவை பறந்து போவதைக் கைகட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர், பிரிட்டனி, செட்டர் போன்றவை பறவையின் வாடை கிடைத்ததும் சிலையாக நின்று காட்டும் பாயிண்டர் வகை இனங்கள். நாம் போய்ச் சேரும்வரை நிற்பது அவற்றின் வேலை என்பதால் 100, 200, சமவெளியில் 400 மீட்டர்கூடப் போகும். ரக்கூனையும் கரடியையும் மோப்பம் பிடித்து விரட்டும் ஹவுண்டு வகை நாய்களுக்குக் கணக்கே வேறு. இரவெல்லாம் ஓடி மைல்கணக்கில் போய்விடும்.

லாப்ரடார் வைத்திருப்பவர் 9 மைல் எட்டும் கருவியை வாங்குவதில் அர்த்தமில்லை. அவருடைய நாய் 100 மீட்டர் தாண்டினாலே பயிற்சியில் ஓட்டை இருக்கிறது. 500 கஜம், அதாவது ஏறத்தாழ 450 மீட்டர் எட்டும் எளிய காலர் அவருக்குத் தாராளம்.

பெட்டியில் போட்டிருக்கும் தூரம், இரண்டு பக்கமும் எதுவும் மறைக்காத திறந்த வெளிக்கான கணக்கு என்பதையும் மறக்கக்கூடாது. நாயின் கழுத்து தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. இடையில் மக்காச்சோளமோ, சம்பங்கோரை அடர்ந்த சதுப்போ, ஒரு சிறு மேடோ இருந்தால் எட்டும் தூரம் வெகுவாகக் குறையும். பெட்டியில் உள்ள எண்ணில் பாதிக்கு மேல் நம்ப வேண்டாம் என்பது என் வழக்கம். அந்தக் கணக்கில் முக்கால் மைல் கருவி உங்களுக்கு 600 மீட்டர் கொடுக்கும். பெரும்பாலான பாயிண்டர்களுக்கும் அதுவே போதும்.

எளிய ரிமோட்டுகள்

200 முதல் 300 டாலர் வரையிலான இந்த வரிசையில்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள், வாங்கவும் வேண்டும். நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப அடிபடும்.

ஸ்போர்ட்டாக் 425எக்ஸ் இவற்றில் மலிவானது. 500 கஜம் எட்டும், மூன்று நாய்கள் வரை இணைக்கலாம். ரிமோட் சிறியது, உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். முதல் லாப்ரடார், முதல் பருவம் என்றால் இதற்கு மேல் செலவழிக்கக் காரணம் தெரியவில்லை. எனக்கு இதில் பிடிக்காதது, பட்டன்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது. டிசம்பர் மாதத்துக் கையுறையோடு அழுத்தும்போது எதைத் தொட்டோம் என்ற சந்தேகம் வந்துவிடும்.

கார்மின் ஸ்போர்ட் ப்ரோ முக்கால் மைல் எட்டுவது. இதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் நெடுங்காலம் நம்பிய பெயர் அரிசோனாவைச் சேர்ந்த ட்ரை-ட்ரானிக்ஸ். 2011இல் கார்மின் அதை விலைக்கு வாங்கியது. ஜி.பி.எஸ். தெரிந்தவர்களும் காலர் தெரிந்தவர்களும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தார்கள். பழைய ட்ரை-ட்ரானிக்ஸ் கைக்காரர்களின் வேலைப்பாடு ஸ்போர்ட் ப்ரோவின் வடிவத்தில் இன்னும் தெரிகிறது. திருகு உச்சியில், மின்னதிர்ச்சி, நடுக்கம், ஒலி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பட்டன்கள், ஒரே கையால் எல்லாம் முடியும், மற்றக் கையில் துப்பாக்கி இருக்கலாம். 10 படிகள்தானே என்பவர்களுக்கு மேலே விடை சொல்லிவிட்டேன். இந்த வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொன்னால் நான் எடுப்பது இதைத்தான். மிகவும் மென்மையான சுபாவமுள்ள நாய்க்கு மட்டும் இதன் படிகளுக்கு இடையிலான இடைவெளி பெரிதாகத் தோன்றலாம்.

அப்படிப்பட்ட நாய்க்கு எஜுகேட்டர் ஈடி-300. இந்தியானா மாநிலத்தில் தயாராகிறது, அரை மைல் எட்டும். இதன் துடிப்பு மழுங்கலானது, குத்தலாக இருக்காது என்று நிறுவனம் சொல்கிறது. என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்ததில் அந்தப் பேச்சில் உண்மை இருப்பதாகவே தோன்றியது. தசை மெல்ல இழுத்துக்கொள்வதுபோல் இருந்தது. குறை ரிமோட்டின் வடிவம். வட்டமாக, நிறுத்து கடிகாரம்போல் இருக்கும். பூங்காவில் கழுத்தில் தொங்கவிட்டு நடப்பவருக்கு அது வசதி. முட்புதருக்குள் துப்பாக்கியோடு நுழைபவருக்கு, நான்கு பக்கமும் பட்டன் உள்ள வட்டத்தில் எது மேல், எது கீழ் என்று விரல் தடுமாறும்.

டாக்ட்ரா 1900எஸ்ஸை விரும்புகிறவர்கள் வெறியோடு விரும்புகிறார்கள். உழைக்கும், தண்ணீருக்கு அஞ்சாது, சீக்கிரம் சார்ஜ் ஏறும். வழுக்கும் திருகுக்குப் பழகிவிட்டால் ஓடும் நாயின் மீது அளவைச் சீராக ஏற்றி இறக்கலாம் என்பது அவர்களுடைய வாதம். கை தேர்ந்த பயிற்சியாளருக்கு அது பொருந்தும். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் வேட்டைக்குப் போகும் ஒருவருக்கு நான் சொல்லமாட்டேன்.

50 டாலருக்குக் குறைவாக, பெயர் தெரியாத காலர்கள் இணையக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. மூன்றாம் படியில் ஒன்றுமில்லை, நான்காம் படியில் நாய் அலறுகிறது என்ற ரகம். மேலே சொன்ன பீகிள் ஆய்வை நினைத்துக்கொண்டு இவற்றைக் கடந்துவிடுங்கள்.

பீப்பர்

வடக்கு மினசோட்டாவின் பாப்ளார் காடுகளில் ரஃப்டு க்ரவுஸ் பறவையைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல். பாயிண்டர் 60 மீட்டரில் நின்றாலும் இலைச் செறிவில் கண்ணுக்குத் தெரியாது. பழைய காலத்தில் கழுத்தில் மணி கட்டினார்கள். மணி நின்றால் நாய் நின்றது என்று அர்த்தம், ஆனால் எங்கே என்று தெரியாது. அதற்குத்தான் பீப்பர். நாய் ஓடும்போது ஒரு விதமாகவும் நின்றுவிட்டால் வேறு விதமாகவும் கழுத்திலிருந்து ஒலிக்கும். சில மாடல்களில் பருந்தின் கிறீச்சொலியும் உண்டு. அதைக் கேட்டால் பறவை பதுங்கும் என்பது நம்பிக்கை.

டாக்ட்ராவும் ஸ்போர்ட்டாக்கும் பயிற்சிக் காலரோடு பீப்பரைச் சேர்த்து விற்கின்றன. காட்டின் அமைதிக்காகப் போகிறவர்களுக்கு அந்தச் சத்தம் ஒரு தண்டனை. ஃபெசன்ட் வேட்டைக்கு இது வேண்டவே வேண்டாம். சேவல் ஃபெசன்ட், சத்தம் கேட்டால் பறக்காது, ஓடும். நாம் வயலின் இந்த முனையில் இருக்கும்போது அது மறு முனையைத் தாண்டியிருக்கும்.

ஜி.பி.எஸ். காலர்கள்

இங்கே விலை ஒரே தாவலாக மேலே போகிறது. போட்டி இரண்டு பேருக்கு இடையில்: கார்மின் ஆல்ஃபா, டாக்ட்ரா பாத்ஃபைண்டர். இரண்டுமே நாயைக் கண்காணிக்கவும் செய்யும், பயிற்றவும் செய்யும். இரண்டுமே 9 மைல் என்று சொல்கின்றன. ஆல்ஃபாவில் 20 நாய்கள், பாத்ஃபைண்டரில் 21 நாய்கள். ஒரு நாய் வைத்திருப்பவர் இந்த எண்களைப் படிக்காமல் விடலாம்.

வித்தியாசம் கையில் இருக்கும் கருவியில். ஆல்ஃபாவுக்கென்று தனிக் கருவி உண்டு. திரை, வரைபடம், பட்டன் எல்லாம் அதிலேயே. பாத்ஃபைண்டரில் உங்கள் கைபேசிதான் திரை. கூடவே ஒரு சிறு இணைப்பான் வரும். காலரிலிருந்து வரும் ரேடியோ அலையை வாங்கி ப்ளூடூத் வழியாகக் கைபேசிக்குத் தருவது அதன் வேலை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துவிட்டால் கைபேசிக் கோபுரமே இல்லாத இடத்திலும் நாய் எங்கே என்று தெரியும். பணத்திலும் பல நூறு டாலர் மிச்சம். பெரிய, தெளிவான திரையும் சேர்ந்து கிடைப்பதால் அட்டவணை போடுகிறவர்கள் எல்லோரும் பாத்ஃபைண்டர் பக்கம்தான் சாய்வார்கள்.

நவம்பர் கடைசியில், பனிக்காற்றில், 45 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கைபேசி திடீரென்று அணைந்துபோவதைப் பார்த்தவர்கள் அந்தப் பக்கம் சாயமாட்டார்கள். குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் சுருங்கிப்போகும். ஈர விரலுக்கும் கையுறைக்கும் தொடுதிரை பணியாது. கைபேசி அணைந்தால் நாயின் தடமும் மறைந்துவிடும்; அவசரத்துக்கு யாரையாவது அழைக்கவும் முடியாது. செப்டம்பரில் மட்டும், மிதமான வெயிலில் வேட்டையாடும் தென் மாநிலத்தவருக்குப் பாத்ஃபைண்டர் நல்ல பேரம்தான். எங்கள் பக்கத்து நவம்பருக்கு ஆல்ஃபா.

ஆல்ஃபா வாங்குவதிலும் ஒரு கண்ணி உண்டு. காலர்களின் பெயரில் ஒற்றை ‘டி’ இருந்தால் அது கண்காணிப்பு மட்டும். ‘டிடி’ என்று இரட்டித்து வந்தால்தான் கண்காணிப்பும் பயிற்சியும். டி 20 காலரைக் குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று வாங்கிவிட்டு, பயிற்சிப் பட்டன் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிடி 25 என்று கேட்டு வாங்க வேண்டும். மாடல் பெயரின் இறுதியில் ‘ஐ’ (ஆங்கில எழுத்து i) வந்தால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் வசதியும் உண்டு. அதற்குத் தனிச் சந்தா கட்ட வேண்டும். மேற்கு மலைகளில் தனியாகப் போகிறவர்களுக்கு அது உயிர் காக்கும். சோள வயலைச் சுற்றிச் சாலை ஓடும் தென் டகோட்டாவில் அந்தப் பணத்துக்கு நாய்க்கு நல்ல தீனி வாங்கலாம்.

யாருக்கு ஜி.பி.எஸ். தேவை? நாய் பார்வையிலிருந்து மறைவது அதன் வேலையின் ஒரு பகுதியாக இருந்தால் தேவை. ஹவுண்டுக்காரர்களுக்கு விவாதமே இல்லை. நீண்டு ஓடும் பாயிண்டருக்கும் வாங்கிவிடலாம். உயரமான புல்லில் நாய் நின்றுவிட்டால் கருவி நடுங்கிச் சொல்லும், திசையும் தூரமும் காட்டும். பீப்பரின் வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. லாப்ரடார்க்காரர், நாய் தொலைந்துபோகும் பயத்துக்காக மட்டும் வாங்குவதென்றால், பயிற்சிக்கு ஸ்போர்ட் ப்ரோவை வைத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் ஒரு நல்ல பயிற்சியாளரிடம் சில வாரம் போகச் சொல்வேன்.

எதற்கு அழுத்துவது, எதற்கு அழுத்தக்கூடாது

எந்தக் காலரை வாங்கினாலும் பறவைக்கு அருகில் நாய் நிற்கும்போது கை பட்டனைவிட்டு விலகியே இருக்கட்டும். வாடை பிடித்த கணத்தில் கழுத்தில் வலி வந்தால் நாய் அதைப் பறவையோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அடுத்த முறை வாடை கிடைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போகும். அந்தப் பழக்கம் வந்துவிட்ட நாயை மீட்பது சாதாரண வேலையல்ல. துப்பாக்கிச் சத்தத்துக்கும் இதே விதி.

மாறாக, மானைத் துரத்தும் நாய்க்குக் காலர் தன் விலையை ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிடும். மான் பின்னால் ஓடும் நாய் நெடுஞ்சாலையைக் கவனிக்காது. மானைத் துரத்தும் நாயைச் சுட அதிகாரிகளுக்குச் சட்டம் இடம் கொடுக்கும் மாநிலங்களும் பல. முள்ளம்பன்றியும் அப்படித்தான், டகோட்டாப் புதர்களில் அதன்மீது பாய்ந்த நாயின் வாயிலிருந்து முள்ளைப் பிடுங்க மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அரிசோனா போன்ற மாநிலங்களில் ராட்டில் பாம்பைக் கண்டால் விலகிப் போக மின் காலரைக் கொண்டு பழக்குகிறார்கள். மான், முள்ளம்பன்றி, பாம்பு மூன்றிலும் மூக்கையும் வலியையும் சேர்த்து முடிச்சுப் போடுவதுதான் நோக்கம் என்பதால் கட்டளையே தேவையில்லை.

கழுத்து

காலரின் உட்புறத்தில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். அவை தோலைத் தொட்டால்தான் வேலை நடக்கும். அடர்ந்த ரோமமுள்ள செட்டருக்கு நீள முனை, ஷார்ட்ஹேர்டு போன்ற வழுவழுப்பான நாய்க்குக் குட்டை முனை. இரண்டுமே பெட்டியில் வரும். மாற்றத் தெரியாமல் படியை ஏற்றிக்கொண்டே போவது பலருடைய வழக்கம். காலர் தளர்வாக இருந்தால் சில சமயம் படும், சில சமயம் படாது. ஒரு விரல் மட்டும் நெருக்கமாக நுழையும் அளவுக்குக் கட்ட வேண்டும்.

அதே இடத்தில் பல மணி நேரம் அழுந்தினால் தோலுக்கு இரத்தம் போகாமல் புண்ணாகும். மின்சாரத்தால் சுட்டுவிட்டது என்று அலறுவார்கள்; காரணம் அழுத்தம்தான். வேட்டை முடிந்து வண்டிக்கு வந்ததும் முதல் வேலையாகக் காலரைக் கழற்றி, ரோமத்தை எதிர்ப்பக்கமாகத் தள்ளி, தாடைக்குக் கீழ் விரலால் தடவிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இரண்டு வட்டம் தெரிந்தால், அது முழுதாக மறையும்வரை காலருக்கு ஓய்வு. பகலிலும் ஓரிரு மணிக்கொருமுறை இடம் மாற்றிவிட வேண்டும். கூண்டில் படுக்கும் நாய்க்கு இரவில் காலர் இருக்கவே கூடாது.

ஊருக்குக் கொண்டுபோகலாமா?

இதைக் கேட்பவர்கள் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று நம் வேட்டை இனங்களை வளர்க்கும் மாமாவுக்கோ மச்சானுக்கோ பரிசளிக்க நினைக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் வேட்டை குற்றம். முயலுக்கு நாய் விட்டாலும் வழக்குத்தான். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் ரோமம் குறைவு, தோல் மெல்லியது. அவை பார்வையால் துரத்தும் இனங்கள், ஓட்டத்தில் இருக்கும்போது மின்னதிர்ச்சி கொடுத்தால் கால் இடறி விழக்கூடும்.

ஆல்ஃபாவின் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் அது பயன்படுத்தும் 151 முதல் 154 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஐந்து அலைவரிசைகள் அந்த நாட்டில் உரிமம் தேவைப்படாதவை. மற்ற நாடுகள் பெரும்பாலானவற்றில் அந்தச் சலுகை கிடையாது. ஐரோப்பாவுக்குக்கூட வேறு அலைவரிசையில் தனி மாடல் விற்கிறார்கள். ‘ஐ’ எழுத்து உள்ள மாடலில் இன்ரீச் இருப்பதால், அனுமதியில்லாமல் இந்தியாவுக்கு எடுத்துப் போவது சட்டவிரோதம். இன்ரீச் கருவியைப் பையில் வைத்திருந்ததற்காக விமான நிலையங்களில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. மாமாவுக்கு நல்ல தோல் பட்டையும் ஒரு விசிலும் வாங்கிக்கொண்டு போங்கள்.

பழையது வாங்குவதென்றால்

பருவம் முடிந்த பிப்ரவரி, மார்ச்சில் பழைய காலர்கள் விலைக்கு வரும். ரிமோட்டில் கீறல் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். பேட்டரியைக் கேளுங்கள். மூன்று, நான்கு ஆண்டான காலரில் அது தளர்ந்திருக்கும்; அந்த மாடலுக்கு மாற்றுப் பேட்டரி இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். சார்ஜ் ஏறும் இடத்தில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புதிய காலர்களோடு வரும் சிறு சோதனை விளக்கை இரண்டு முனைகளிலும் வைத்துக் கீழ்ப் படியிலிருந்து அழுத்தினால், படி ஏற ஏற வெளிச்சம் கூட வேண்டும். கூடாமல் திடீரென்று பளிச்சென்று எரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காசு கொடுப்பதற்கு முன்பு, விற்பவரை ரிமோட்டோடு தெருமுனைக்கு நடந்துபோகச் சொல்லி, காலரை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு ஒலிப் பட்டனை அழுத்தச் சொல்வதும் நல்லது. ஆண்டெனா உள்ளே உடைந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.